பூட்டிக் கிடந்த வீட்டுப் புல்லட்: பெட்ரோல் வரும் வழியைப் பிடித்துக்கொண்டே பழுது பார்ப்பது

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வண்டிகள் ஓடிக் கெடுவதில்லை, நின்று கெடுகின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வீடுகள் கல்யாணத்துக்கும் பிள்ளையார் நோன்புக்கும் கோவில் திருவிழாவுக்கும் திறக்கும், ஐயா ஓட்டிய புல்லட் பின்கட்டில் பழைய போர்வைக்கு அடியில் நிற்கும். பேரப்பிள்ளைகளில் ஒருவர் அதைத் துடைத்து, பங்கிலிருந்து ஒரு லிட்டர் வாங்கிவந்து ஊற்றி, கிக்கரை மிதி மிதியென்று மிதிப்பார். ஸ்டார்ட் ஆகாது, அப்படியே ஆனாலும் இரண்டு தெரு தாண்டி நின்றுவிடும். உடனே யாராவது ஒரு திருப்புளியைத் தூக்கிக்கொண்டு வந்து கார்ப்பரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் உறுப்பு) கண்ணில் படுகிற ஸ்குரூவைத் திருக ஆரம்பிப்பார்கள். அந்தத் திருப்புளியை முதலில் பிடுங்கி வையுங்கள். ஒரு பழுதோடு இருந்த வண்டி இரண்டு பழுதோடு ஆவது அந்த நிமிடத்தில்தான்.

நான் சொல்ல வருவது ரொம்பச் சின்ன விஷயம்: டேங்க் மூடியில் ஆரம்பித்து பெட்ரோல் போகும் வழியிலேயே நீங்களும் போங்கள், கார்ப்பரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்.

இங்கே நான் மனத்தில் வைத்து எழுதுவது வார்ப்பு இரும்பு எஞ்சின் உள்ள புல்லட் 350. 1955-இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்திலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படை மாறாமல் வந்த 346 சிசி எஞ்சின், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. பெரும்பாலானவற்றில் மிக்கார்ப் கார்ப்பரேட்டர் இருக்கும், ரொம்பப் பழசில் அமால் வகை இருக்கலாம். யெஸ்டி, ராஜ்தூத், லாம்ப்ரெட்டா, சேடக் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், ஏனென்றால் இவை எதிலும் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்ப்பரேட்டர் கீழே, பெட்ரோல் தன் எடையிலேயே இறங்குகிறது, அவ்வளவுதான்.

வேலை செய்யும் இடம்

இதை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். நம் வீடுகளில் வளவு (வீட்டின் உட்கட்டு) நடுவில் முற்றம் தாழ்ந்து இருக்கும், ஒரு பக்கம் சாமி விளக்கு எரியும், இன்னொரு பக்கம் அடுப்பு. ஆகவே வளவுக்குள் டேங்கைக் கழற்றாதீர்கள். வெளியே கொட்டகையிலோ தோட்டத்திலோ நிழலில் வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். இன்னொன்று, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் துரு எடுக்கும் திராவகம் எதையும் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். அது சிமெண்டில் செய்த கல், அமிலம் பட்ட இடம் பல்லிளித்துவிடும், அப்பத்தாவுக்கு யார் பதில் சொல்வது?

முதலில் பிளக்

பெட்ரோல் பிரச்சினைதானா என்று உறுதி செய்யாமல் எதையும் கழற்றக் கூடாது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பத்து தடவை மிதித்த பிறகும் முனை காய்ந்து இருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அளவுக்கு மீறி வந்திருக்கிறது, அல்லது வந்தது எரியவில்லை. எது என்று தெரிய, பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, வயர் முனையில் இருக்கும் கேப்பில் மாட்டி, பிளக்கின் உடம்பு எஞ்சினின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்து, ஆனால் பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிவைத்து (அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும்), ஒருவரை கிக்கர் மிதிக்கச் சொல்லுங்கள். நீலமாக, சொடுக்குகிற சத்தத்தோடு பொறி வந்தால் கரண்ட் பக்கம் சரி. மஞ்சளாக, சோகையாக வந்தாலோ வராவிட்டாலோ பாயிண்டை (பொறிக்கான கரண்டை விட்டு விட்டு வெட்டும் முனைகள்) தேய்த்து இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். அந்தப் பாதை வேறு, இந்தக் கட்டுரையில் அதற்குள் போகவில்லை.

பொறி நன்றாக இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் இன்னொரு சோதனை உண்டு. பிளக் ஓட்டையில் கால் ஸ்பூன் நல்ல பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டு மிதியுங்கள். இரண்டு மூன்று வெடி வெடித்து அணைந்தால் எஞ்சின் உயிரோடுதான் இருக்கிறது, கீழே வரவேண்டியது வரவில்லை என்று அர்த்தம். இப்போது டேங்குக்குப் போகலாம்.

மூடி, டேங்க், காக்

டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் மூக்கில் சுருக்கென்று ஏறும். ஆறு மாதம் கிடந்த பெட்ரோல் பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி மந்தமாக, கொஞ்சம் புளித்த வாடையோடு இருக்கும். அது என்றால் யோசிக்கவே வேண்டாம், முழுவதையும் இறக்கிவிடுங்கள். புதுப் பெட்ரோலை அதன் மேலேயே ஊற்றி "கலந்து சரியாகிவிடும்" என்று நினைப்பதுதான் இங்கே எல்லாரும் செய்வது. சரியாகாது. இறக்கியதைச் சாக்கடையிலோ கண்மாயிலோ ஊற்றாமல் தகர டின்னில் மூடி வையுங்கள்.

இப்போது வருகிற பெட்ரோல் வேறு மாதிரி என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022-இல் 10 சதவீத எத்தனால் கலப்பு, 2025-இல் 20 சதவீதம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதி டேங்கோடு வண்டி நின்றால், ஈரம் அளவை மீறியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். காக் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தனி அடுக்காக நிற்பது கண்ணுக்கே தெரியும். தவிர, எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும் அல்லது விறைக்கவைக்கும், டேங்கில் வருஷக்கணக்காக ஒட்டிக்கிடந்த பிசினைக் கரைத்துக் கீழே அனுப்பும். நேற்றுவரை ஓடிய வண்டி இரண்டு டேங்க் ஓடியதும் அடைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து மூடியில் இருக்கும் காற்றுத் துளை. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். துளை அடைத்திருந்தால் வண்டி ஜோராகக் கிளம்பும், காரைக்குடியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் போனதும் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும். நின்ற உடனே மூடியைத் திறங்கள். புஸ் என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டு, வண்டியும் உடனே பிடித்துக்கொண்டால் குற்றவாளி அகப்பட்டாச்சு. மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, மூடியின் உள் வாஷரில் மடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இதே மாதிரி "சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்" நோய் கன்டன்சராலும் (பாயிண்டோடு சேர்ந்து பொறிக்கு உதவும் மின் உறுப்பு) வரும், ஆகவே மூடியைத் திறந்தும் பலனில்லை என்றால் அங்கேயே, சூட்டோடு சூடாக, பொறியைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஆறின பிறகு பார்த்தால் கன்டன்சர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நல்ல பொறி கொடுக்கும். மூன்றாவது காரணம் வெயில்: சித்திரை, வைகாசியில் திருச்சி-ராமேஸ்வரம் சாலையில் நல்ல வேகத்தில் வந்து, டீக்கடை வாசலில் காற்றில்லாமல் நிறுத்தினால், சிலிண்டர் சூடு மேலே ஏறி டியூபிலும் ஃப்ளோட் கப்பிலும் (கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) பெட்ரோலைக் கொதிக்கவைக்கும். டியூப் சிலிண்டரின் இறக்கைகளை உரசிக்கொண்டு போனால் அதைத் தள்ளிக் கட்டுங்கள். கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் (சிலிண்டரின் மேல் பாகம்) நடுவில் சூடு தாங்கும் தடித்த பேக்கிங் ஒன்று இருக்கும், யாராவது அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வெறும் பேப்பர் கேஸ்கட் வைத்திருந்தால் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இப்போது ஓட்டம். கார்ப்பரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு காக்கைத் திறங்கள். நூல் அறுபடாமல் ஒரே தாரையாக ஒரு நிமிடம் விழ வேண்டும். முதலில் நன்றாக வந்து பிறகு சொட்டுச் சொட்டாக ஆனால், மூடியைத் திறந்து பாருங்கள், தாரை திரும்பினால் மூடிதான். திரும்பாவிட்டால் காக்கின் மேல் டேங்குக்குள் நிற்கும் சல்லடை அடைத்திருக்கிறது. டேங்கைக் காலி செய்து காக்கைக் கழற்றினால் செம்மண் நிறத்தில் சேறு வரும், அது மண் இல்லை, துரு. ரிசர்வில் மட்டும் வண்டி முரண்டு பிடித்தால் காரணமும் இதுதான், ரிசர்வில் வைத்தால் காக் டேங்கின் அடித் தரையிலிருந்து எடுக்கிறது, சேறும் அங்கேதான் படுத்திருக்கிறது.

துரு கொஞ்சம் என்றால் காக்கைக் கழற்றிவிட்டு இரண்டு மூன்று தடவை பெட்ரோல் விட்டு அலசினால் போதும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் (பெட்ரோல் இருக்கும் டேங்குக்குள் எந்த விளக்கும் வேண்டாம், காலி செய்து நாள் முழுக்கத் திறந்து காயவைத்த பிறகு) சுவரெல்லாம் பொருக்காக இருந்தால், சிட்ரிக் ஆசிட் தூள்தான் புதியவர்களுக்கு நான் சொல்வது. முதலில் சோப்புத் தண்ணீரில் பெட்ரோல் வாடை போகக் கழுவுங்கள். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் தூள் கரைத்து, காக் ஓட்டையை அடைத்து, டேங்கை நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். பெயிண்டில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் கொட்டிவிட்டு ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, நம் ஊர் உச்சி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, காய்ந்த கையோடு பெட்ரோலில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து உள்ளே சுற்றவிட வேண்டும். கடைசி வேலையை விட்டால் சாயங்காலத்துக்குள் புதுத் துரு பூத்துவிடும்.

பேட்டரி சார்ஜர் வைத்து மின்சாரத்தால் துரு எடுக்கும் முறையும் உண்டு, வேதியியல் தெரிந்தவர்களுக்கு அது அழகான வேலை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறந்த காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆராய்வதே இந்த மின்வேதியியலையும் அரிப்பையும்தான், ஆகவே ஊரில் இதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்கள். ஆனால் அதில் ஹைட்ரஜன் வாயு வரும், டேங்கில் பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்தால் ஆபத்து, எவர்சில்வர் கம்பியை மின்முனையாக வைத்தால் நச்சான குரோமியம் கரைந்து வரும். முதல் டேங்குக்கு வேண்டாம்.

டேங்குக்குள் பூசும் கோட்டிங் எனக்குப் பிடிக்காது. துருவை ஒழுங்காக எடுக்காமல் மேலே பூசினால் இரண்டு வருஷத்தில் தோல் தோலாக உரிந்து காக்கை அடைக்கும், அப்புறம் அதைச் சுரண்டி எடுப்பது நரகம். டேங்கில் ஊசித் துளை விழுந்து வழியில் ஒழுகினால் சோப்புக் கட்டியை அழுத்தித் தேயுங்கள், பெட்ரோலில் சோப்பு கரையாது, வீடு வந்து சேரலாம். பற்றவைப்பது அதற்கென்று இருக்கும் ஆளின் வேலை.

டியூப்

மலிவான வேலை, அதனாலேயே யாரும் செய்வதில்லை. எத்தனால் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள், இரண்டு பக்கமும் கிளிப் போடுங்கள். நடுவில் பேப்பர் ஃபில்டர் வைப்பது இப்போது ஒரு மோகம். பம்ப் வைத்த வண்டிக்குச் செய்த ஃபில்டரை இதில் மாட்டினால், தன் எடையில் இறங்கும் பெட்ரோல் அதைத் தாண்டத் திணறும், ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கும்போது வண்டி பட்டினி கிடக்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் வலை வைத்த சின்ன ஃபில்டர் வையுங்கள், மேடு கட்டாமல் சரிவாக இறங்கட்டும்.

இப்போது கார்ப்பரேட்டர்

இதுவரை எல்லாம் சரி, தாரையும் நன்றாக விழுகிறது என்றால் திருப்புளியைத் திரும்பக் கொடுத்துவிடலாம். காக்கை மூடிவிட்டு கார்ப்பரேட்டரை வெளியே எடுங்கள். எடுக்கும் முன் ஏர் ஸ்குரூவை (ஸ்லோ ஓட்டத்துக்குக் காற்றின் அளவை வைக்கும் திருகு) உள்ளே மெதுவாகத் திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தி இறுக்கினால் கூர் முனை உடையும். அடியில் இருக்கும் கப்பைக் கழற்றினால் பாதிக் கதை கப்பிலேயே எழுதியிருக்கும்: பச்சைப் பூஞ்சை போல இருந்தால் ஈரம், தேன் நிறத்தில் பிசின் ஒட்டியிருந்தால் காய்ந்த பெட்ரோல், சிவப்புப் பொடி என்றால் மறுபடி டேங்க்.

பிசின் முதலில் அடைப்பது ஸ்லோ ஜெட்டை (எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் துளையுள்ள பித்தளைத் திருகு), ஏனென்றால் அதன் துளைதான் ஆகச் சின்னது. நின்ற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் நோய். அடையாளம், சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்ததும் அணையும், ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடும், விட்டால் நிற்கும். ஜெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்து வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, பஞ்சர் கடையில் காற்று பிடித்து ஊதுங்கள். அப்படியும் போகாவிட்டால் வயருக்குள் இருக்கும் செம்பு இழை ஒன்றை மட்டும் எடுத்து விடலாம். ஊக்கு, தையல் ஊசி, கிதார் கம்பி வேண்டாம். ஜெட் பித்தளை, எஃகு உரசினால் துளை பெரிதாகும், பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஜெட்டில் மட்டும் ஊதினால் போதாது, கார்ப்பரேட்டரின் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு துளையிலும் ஊதி எதிர்ப்பக்கம் காற்று வருகிறதா என்று விரலால் பார்க்க வேண்டும்.

கப் நிறைந்ததும் மிதவையோடு ஏறிப் பெட்ரோல் வழியை மூடும் ஃப்ளோட் நீடில் இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கும். பிசினில் ஒட்டி மூடியே நின்றால் பெட்ரோல் வராது, வழியில் நின்றால் கப்பைத் திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டினாலே சில சமயம் விடும். தூசி மாட்டி மூடாமல் நின்றால் ஓவர்ஃப்ளோ குழாயில் ஒழுகும். ஒழுகுவது வெளியே தெரிந்தால் பரவாயில்லை, தெரியாமல் உள்ளே போவதுதான் மோசம். காக்கைத் திறந்தபடி ராத்திரி நிறுத்தினால் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி, ரிங்கைத் தாண்டி ஆயிலோடு கலக்கும். ஆயிலை விரலில் தொட்டு மோந்து பாருங்கள். தண்ணீராய் நெகிழ்ந்து பெட்ரோல் வாடை அடித்தால், அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். நீடில் முனையில் வளையம் போலத் தடம் விழுந்திருந்தால் தேய்க்க வேண்டாம், புதிது போடுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே சளசளவென்று கேட்டால் அதுவும் ஓட்டை.

திரும்ப மாட்டும்போது ஹெட் பக்க நட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரேயடியாக இறுக்கினால் முகம் வளையும், அந்த இடுக்கில் காற்று திருடும். காற்று திருடினால் கலவையில் பெட்ரோல் குறையும், வண்டி ஸ்லோவில் நிற்காமல் தானாக ரேஸ் ஆகும், ஆக்ஸிலேட்டரை மூடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். கேஸ்கட் பேஸ்ட் தடவி மூடப் பார்க்காதீர்கள், பெட்ரோல் பட்டுக் கரைந்து துண்டு துண்டாக ஜெட்டுக்கே போகும்.

காற்றில் ஆறும் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவதுதான் உண்மையான ஆபத்து. கூடுதலானால் புகை, கரி, மைலேஜ் போகும், அவ்வளவே. குறைந்தால் எஞ்சின் சூடேறும், ரேடியேட்டர் கிடையாது, மே மாத வெயிலில் ஏற்றமும் எதிர்க்காற்றுமாக ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். அதனால்தான் மைலேஜுக்காக "டைட்டாக" டியூன் செய்து தருகிற மெக்கானிக்கை நான் நம்புவதில்லை. 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் ஏற்கெனவே கலவை கொஞ்சம் வறண்டுதான் இருக்கும்.

டியூனிங்கை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு செய்யுங்கள். ஏர் ஸ்குரூவை முட்டும்வரை போட்டு ஒன்றரை சுற்று வெளியே எடுத்து ஆரம்பிக்கலாம். மிக்கார்ப்பில் உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் காற்று கூடும். ஸ்லோ ஓட்டம் அதிகபட்சம் ஏறும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து துளி உள்ளே. பிறகு ஸ்லைடு (ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறக்கும் தடுப்பு) ஸ்குரூவால் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலேட்டரில் முதல் கால்பங்குவரை ஸ்லோ ஜெட்டும் ஸ்லைடும், நடுவில் ஸ்லைடில் தொங்கும் நீடில் (ஃப்ளோட் நீடில் வேறு), கடைசிக் கால்பங்கில் மெயின் ஜெட். எந்த இடத்தில் மக்கர் செய்கிறதோ அந்த உறுப்பை மட்டும் தொட்டால் போதும். நடுவில் திணறினால் நீடிலின் கிளிப்பை ஒரு படி கீழே மாற்றிப் பாருங்கள், நீடில் மேலே ஏறிப் பெட்ரோல் கூடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நல்ல வேகத்தில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரங்கட்டிப் பிளக்கைப் பாருங்கள்: பழுப்பு என்றால் சரி, கரி அப்பியிருந்தால் கூடுதல், சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் உடனே பெட்ரோலைக் கூட்டுங்கள்.

ஒரு சின்ன விஷயம், சோக் லீவரைத் தூக்கிவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் மிக்கார்ப்பில் சோக் வேலையே செய்யாது, ஆக்ஸிலேட்டர் மூடியிருக்க வேண்டும். மிதித்து மிதித்து பிளக் நனைந்துவிட்டால் காக்கை மூடி, சோக்கை இறக்கி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து, டி-கம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக்கொண்டு ஏழெட்டு மிதி விட்டால் உள்ளே தேங்கியது வெளியேறும்.

ஊருக்குத் திரும்பும்போது

காக்கை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், கப் காலியாகும். நாலைந்து மாதத்துக்கு மேல் வரப்போவதில்லை என்றால் டேங்கையும் இறக்கி, ஆயில் சுற்றி வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவது நல்ல எண்ணம்தான், ஆனால் இரண்டு நிமிடம் ஓடி அணைந்த எஞ்சினுக்குள் ஈரம்தான் சேரும். ஒன்று குன்றக்குடிவரை போய்வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொடாமல் விடச் சொல்லுங்கள்.

டூல் பாக்ஸில் ஒரு ஃப்ளோட் நீடில், கப் கேஸ்கட், ஒரு மீட்டர் டியூப், இரண்டு கிளிப், ஒரு பிளக், ஒரு கன்டன்சர் போட்டு வையுங்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ அலைகிற அலைச்சல் மிச்சமாகும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில்.